வானத்துக்குப் பின்னால் போன ரயில்

"ஸ்டேஷன்ல இறங்குனா உங்க வீட்டுக்கு ஆட்டோ கிடைக்குமுல்ல?"

அக்காவைப் பெண் பார்க்க மதுரையிலிருந்து வரவிருந்தவர்களின் பெரியப்பா போனில் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. முதல் பேச்சு, ஏதும் தப்பாகப் போய்விடக் கூடாதே என்று கூடத்தில் நாங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லீங்க."

"இன்னைக்கா?"

"என்னைக்குமே இல்லீங்க."

அந்தப் பக்கம் கிசுகிசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு, "மாவட்டத் தலைநகர்னு சொன்னாங்களே?" என்று சந்தேகமாக ஒரு குரல்.

"அது உண்மைதாங்க. கலெக்டர் ஆபீஸ் இருக்குது. எந்தப் பக்கம் திரும்புனாலும் ஹைவே இருக்குது. ரயிலு மட்டுந்தான் இல்லை. நீங்க ஓசூர்லயோ ஜோலார்பேட்டையிலயோ இறங்கி பஸ் புடிச்சு வரணுங்க."

போனை வைத்ததும் சித்தப்பா சொன்னார்: "அவங்க வர்றதுக்குள்ள நாமளே ஒரு ரயில போட்டுட்டா என்ன?"

வீடே சிரித்தது. பஜ்ஜித் தட்டோடு நின்றிருந்த நான் மட்டும் சிரிக்கவில்லை. போட்டுவிடலாமே!

அக்காவுக்கு அந்த இடம் அமையவில்லை. ரயில் காரணமல்ல, ஜாதகம். ஆனால் எனக்கு அன்றைக்கு ஒன்று அமைந்துவிட்டது.

சென்ற வாரம் இந்த வாரப் பத்தியில், நான் சேர்ந்து பாதியில் விட்ட வகுப்புகளைப் பற்றி எழுதியிருந்தேன்: கீபோர்டு, கராத்தே, ஹிந்தி. அதைப் படித்துவிட்டு அம்மா, "கட்டுன ஃபீஸெல்லாம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் சமாதானத்துக்காக, பாதியில் விடாத ஒரே ஒரு விஷயத்தை இந்த வாரம் எழுதுகிறேன்.

பஸ் விளையாட்டு

அப்பா போனில் சொன்னது முழு உண்மை இல்லை. முன்பொரு காலத்தில் கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் வந்துபோனதாகவும், பிறகு தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து யாரும் அதைப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடும்போது "சிக்கு புக்கு" என்று கத்த மாட்டோம். எங்களுக்கு அது பஸ். கடைசி ஆள் கண்டக்டர். நாக்கை மடித்து விசில் அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பதவி. "காவேரிப்பட்டணம், காவேரிப்பட்டணம், உள்ள போ, உள்ள போ!"

நான் முதன்முதலில் ரயில் ஏறியது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். டிக்கெட்டைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் வருவார் வருவார் என்று சேலம் வரைக்கும் காத்திருந்தேன். எதிரில் இருந்த அம்மாள், "கை வலிக்கலையா கண்ணு?" என்று கேட்ட பிறகுதான் பைக்குள் வைத்தேன்.

இப்படிப்பட்ட ஒருத்தி ஓசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததும் முதல் சம்பளத்தில் வாங்கியது பொம்மை ரயில். விடுதி அறை மேஜையில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு, வண்டியை ஓட விட்டு, வீடியோ எடுத்து இணையத்தில் போட்டேன். அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "வண்டி நல்லா ஓடுது. ஆனா எங்க போகுது?"

கோபமாக வந்தது. யார் என்று பார்த்தால், இரண்டு தெரு தள்ளி இருக்கும் மஞ்சுநாத் என்று ஒருவர்.

சிவப்புச் சீட்டு

மஞ்சுநாத் பேட்டரி வாகனத்துக்கு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் மின்பிரிவு. ஜவளகிரிக்காரர். வீட்டில் கன்னடம், கம்பெனியில் இங்கிலீஷ், எங்களோடு தமிழ். சில சமயம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அவர் மூலம்தான் ஓசூரில் என்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருப்பது தெரிந்தது.

ஒருவர் முருகேசன் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, வார்ப்புகளுக்கு அச்சு செய்யும் டூல் ரூமில் வேலை பார்க்கிறார். வீட்டில் இட்லி மாவு புளித்துப் பொங்கும் உயரத்தைக்கூட வெர்னியர் அளவுகோலில் அளப்பார் என்று அவர் மனைவி சொல்வார்.

இன்னொருவர் சுகுணா அக்கா. ஊத்தங்கரை. ஓசூரில் பள்ளி ஆசிரியை. மரம், மலை, வயல் எல்லாம் அவர் இலாகா. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து மாமரம் செய்வார். பார்த்தால் கல்லெறியத் தோன்றும். ஒருமுறை செம்மண் நிறம் கிடைக்கவில்லை என்று ராகி மாவைப் பசையில் தூவி ஒரு வயலையே செய்தார். வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், எறும்புகள் வரிசையாக வந்து முக்கால் வயலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தன. "இன்னா பண்றது, அதுங்களுக்கும் அறுவடைதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வாரம் செய்ததை அந்த வீட்டுக்காரர் காட்ட வேண்டும். மற்ற மூவரும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஆளுக்கு ஒரு குறை கண்டுபிடித்து, ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி, குறை இருக்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். தொழிற்சாலையில் தரம் தவறிய பொருளில் ஒட்டுவோமே, அதே சீட்டு. அடுத்த முறைக்குள் அதைச் சரிசெய்தால்தான் சீட்டை எடுக்கலாம். குறை தெரியவில்லை என்று தப்பிக்க முடியாது. பார்க்காமல் பாராட்டுகிறாய் என்று பொருள்.

வெளியாட்கள் பார்த்தால் சண்டை என்று நினைப்பார்கள். என் மைல்கல்லில் முருகேசன் அண்ணன் ஒட்டிய முதல் சீட்டு இது: "இந்தக் கல் பக்கத்தில் நிற்கும் ஆளைவிட உயரம். ஆள் குள்ளமா, கல் பிசாசா?"

வழித்தட அரசியல்

பெண் பார்க்கும் போன் வந்ததற்கு அடுத்த ஞாயிறு கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன். வட்டம் போதும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பாதை போடுவோம். ஆளுக்கு ஒரு பலகை, ஒரு ஆள் கையை விரித்தால் எட்டும் நீளத்தில். அவரவர் வீட்டிலேயே செய்வது, முடிந்ததும் நான்கையும் வரிசையாகச் சேர்த்து ஒரே வண்டியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டுவது.

மஞ்சு முதலில் எழுந்தார். "சூப்பர் கயலு. ஆனா எங்க ஊரு வழியா போகணும்."

"ஜவளகிரி தளிக்கு அந்தப் பக்கம்ணா. கிருஷ்ணகிரி இந்தப் பக்கம்."

"அதனால என்ன? ரயில்தானே, நடக்கவா போகுது?"

"அப்போ ஊத்தங்கரையும் வரும்" என்றார் சுகுணா அக்கா.

"அக்கா, ஊத்தங்கரை கிருஷ்ணகிரியத் தாண்டி இருக்கு!"

"தாண்டிட்டுத் திரும்பி வரட்டும். அவரு ஊருக்கு மட்டும் காடு மலை ஏறிக்கினு போவுது, எங்க ஊருக்கு வரக் கூடாதா?"

இப்படியாக ஓசூர், ஜவளகிரி, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி என்று, நிஜ ரயில்வேக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழும்படியான ஒரு பாதை முடிவானது. ஓசூர் முருகேசன் அண்ணனுக்கு. கிருஷ்ணகிரி எனக்கு, இல்லாத ஸ்டேஷனை என் இஷ்டத்துக்குக் கட்டலாம்.

நான்கு பலகையும் சேர வேண்டுமே? அதற்கான அளவை டீக்கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறைமேல் முருகேசன் அண்ணன் வரைந்தார். முன்பக்கத் தோற்றம் ஒன்று, அதற்கு வலப்புறம் முனையின் தோற்றம் ஒன்று. பலகைக்கு நடுவில் தண்டவாளம் எப்படி வேண்டுமானாலும் வளையலாம். இரண்டு முனைகளில் மட்டும், படத்தில் காட்டிய விளிம்பிலிருந்து எல்லோருக்கும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு எதிர் விளிம்பில் வானம் வரைந்த ஒரு பலகையை நிறுத்தி ஒட்ட வேண்டும்; இதை வரையவில்லை, வாயால்தான் சொன்னார். உறையைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டார். ஆளுக்கு ஒரு கட்டைவிரல் காட்டினோம்.

மஞ்சுவுக்கு மாற்றல்

மாதங்கள் ஓடின. ஜவளகிரிப் பலகையில் காடு வளர்ந்தது. ஒரு யானை வந்தது, பிறகு அதன் குட்டி. மஞ்சு தன் நீல எஞ்சினுக்கு மூன்றாவது முறையாக வண்ணம் அடித்தார். அந்த எஞ்சின்தான் முதல் வண்டியை இழுக்க வேண்டும் என்பது ஏற்கெனவே பேசி முடிவானது.

ஒரு ஞாயிறு, என் கிருஷ்ணகிரி நடைமேடைக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மஞ்சு சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு மாற்றல் வந்துடுச்சு. குஜராத் பிளான்ட்."

முருகேசன் அண்ணன் எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கீழே வைத்தார்.

"எப்போ?" என்றேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மதியம் சாமான் ஏத்த லாரி வருது."

"என்னவே, இப்பம் சொல்லுதீரு?" என்று முருகேசன் அண்ணன் கத்தியேவிட்டார்.

"முன்னாடியே சொன்னா நீங்க எல்லாம் மூஞ்சிய தூக்கி வச்சுப்பீங்க. சீட்டு ஒட்ட மாட்டீங்க." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "ஒண்ணே ஒண்ணு. போறதுக்கு முன்னாடி என் எஞ்சின் ஓசூர்லேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் போறத ஒரே ஒரு தடவ பாத்துடணும். அது போதும்."

என் ஸ்டேஷனுக்கு இன்னும் கூரை போடவில்லை. சுகுணா அக்காவின் ஏரியில் தண்ணீர் காயவில்லை. அதெல்லாம் இனி யாருக்கு வேண்டும்? அக்கா தன் பள்ளிக்கூடத்தின் கூடத்தை ஞாயிறு காலைக்குக் கேட்டு வாங்கினார்.

ஒரு சாண் காற்று

தண்டவாளம் போட்ட பலகையைத் தட்டு ரிக்‌ஷாவில் கொண்டுபோனால் சாலையில் போகும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவர், "எந்த ஊரு சாமி ஊர்வலம்?" என்று கேட்டார். சுகுணா அக்கா கும்பிடு போட்டு அனுப்பினார்.

நான்கு பலகைகளும் முதன்முறையாக ஒரே இடத்தில். பள்ளி மேஜைகளை வரிசையாகப் போட்டு, ஓசூரை முதலில் வைத்தோம். பக்கத்தில் ஜவளகிரி. இரண்டு வானமும் ஒரே கோட்டில் அழகாகச் சேர்ந்தன. முருகேசன் அண்ணனின் ஓசூர் வானத்தில் புகை, மஞ்சுவின் வானத்தில் மழை மேகம். "பிரமாதம்!" என்று நான் கைதட்டினேன்.

அப்புறம்தான் கீழே பார்த்தோம்.

ஓசூரின் தண்டவாளம் எங்கள் பக்கத்து விளிம்பருகே வந்து முடிந்தது. ஜவளகிரியின் தண்டவாளம் அந்தப் பக்கம், வானத்தை ஒட்டித் தொடங்கியது. நடுவே ஒரு சாண் வெறும் காற்று.

"மஞ்சு, பலகைய திருப்பி வச்சிருக்கீரா?"

"இல்லண்ணா. வானம் பின்னாடிதானே இருக்கு? கரெக்டா இருக்கு."

"அப்பம் தண்டவாளம் ஏன் பின்னாடி இருக்கு?"

"டிராயிங்ல அப்படித்தானே இருந்துச்சு?"

தொழிற்சாலையில் ஏதாவது தவறு நடந்தால் "ஏன்" என்று கேட்டு, வந்த பதிலுக்கு மறுபடி "ஏன்" என்று கேட்டு, வேரைப் பிடிக்கும்வரை கேட்டுக்கொண்டே போவது எங்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம். தொழிற்சாலைக்காரர்கள் மூன்று பேரும் அங்கேயே ஆரம்பித்துவிட்டோம். ஏன் சேரவில்லை? ஏன் பின்னால் வைத்தார்? ஏன் அப்படிப் படித்தார்? சுகுணா அக்கா ஃப்ளாஸ்க்கைத் திறந்துகொண்டே, "நாம ஏன் இன்னும் டீ குடிக்கல?" என்றார்.

வாட்ஸப்பில் அந்தக் கல்யாண உறையின் படத்தைத் தேடி எடுத்தோம். அப்போது புரிந்தது.

ஒரு பொருளைக் காகிதத்தில் வரைய உலகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. இங்கே நாங்கள் படித்த வழக்கத்தில், பொருளை இடப்புறமிருந்து பார்த்த தோற்றத்தை வலப்புறத்தில் வரைவோம். அமெரிக்க வழக்கத்தில், வலப்புறமிருந்து பார்த்ததைத்தான் வலப்புறத்தில் வரைவார்கள். ஒரு வழக்கத்தில் வரைந்த முனையை இன்னொரு வழக்கத்தில் படித்தால், முன்விளிம்பு பின்விளிம்பாகிவிடும். எந்த வழக்கம் என்று சொல்ல, வரைபடத்தின் மூலையில் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டமும் கொண்ட ஒரு சின்னக் குறி இருக்கும். ஓசூரில் எல்லா நாட்டுக் கம்பெனியும் இருப்பதால் அந்தக் குறியைப் பார்க்காமல் யாரும் இயந்திரத்தைத் தொட மாட்டார்கள்.

கல்யாண உறையின் மூலையில் அந்தக் குறி இல்லை. அங்கே "நல்வரவை நாடும்" என்று அச்சடித்திருந்தது.

முருகேசன் அண்ணனும் நானும் இந்த வழக்கம். சுகுணா அக்காவின் பலகையை அளந்து அறுத்துக் கொடுத்தது நான். மஞ்சுவின் கம்பெனியில் அமெரிக்க வழக்கம். அவரவர் வழக்கப்படி எல்லோரும் சரி.

"ஆனா உங்க வீட்ல எத்தன ஞாயிறு வந்து பாத்தோம்! கவனிக்கலையே" என்றேன். எப்படிக் கவனிப்பது? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே சுவரை ஒட்டித் தனியாகக் கிடந்த பலகை. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தானே அது மாறியிருப்பது தெரியும்? நாங்கள் யானைத் தந்தத்தின் வளைவுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ரம்பம்

பலகையைத் திருப்பி வைத்தால் தண்டவாளம் சேரும். முருகேசன் அண்ணன் உடனே திருப்பினார். சேர்ந்தது, மயிரிழை பிசகாமல். ஆனால் இப்போது மஞ்சுவின் வானம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. காடு, யானை, குட்டி, ரயில் எல்லாம் வானத்துக்கு அந்தப் பக்கம். எங்களுக்குத் தெரிந்தது வானத்தின் முதுகு.

நாங்கள் மூவரும் அந்த முதுகின் அருகே குனிந்தோம்.

ஒட்டுப்பலகை முழுக்கச் சிவப்புச் சீட்டுகள். இத்தனை மாதமாக நாங்கள் ஒட்டியது அத்தனையும். குறையைச் சரிசெய்த பிறகு நாங்கள் எல்லோரும் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போடுவோம். மஞ்சு ஒவ்வொன்றையும் வானத்துக்குப் பின்னால் ஒட்டி வைத்திருந்தார். "பாறை வேகாத இட்லி மாதிரி இருக்கு": அக்காவின் கையெழுத்து. "சிக்னல் கம்பம் குடித்திருக்கிறது": நான் எழுதியது.

"இதெல்லாம் எதுக்குண்ணா?" என்றேன்.

"நல்லா இருக்குனு எல்லாரும் சொல்வாங்க கயலு. இவ்ளோ நேரம் எடுத்து உத்துப் பாக்கிறவங்க எங்க கிடைப்பாங்க?" அதற்குமேல் அவருக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மணியைப் பார்த்தார். "ஆயித்து, விடுங்க. ரம்பம் இருக்கா? வானத்த அறுத்துடலாம். வண்டி ஓடணும், அதுதான் முக்கியம்."

முருகேசன் அண்ணன் பையிலிருந்து ரம்பத்தை எடுத்தார். வானத்தின் மூலையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்னால முடியாது வே. வேற யாராச்சும் அறுங்க."

யாரும் கை நீட்டவில்லை.

"ஏன் அறுக்கணும்?" என்று என் வாயிலிருந்து வந்தது. "வண்டி வானத்துக்குப் பின்னால போகட்டும். பாக்கணும்னா நாம அந்தப் பக்கம் ஓடிப் போவோம்."

"ஓடுறதா?"

"மூணு பலகைக்கு இந்தப் பக்கம் நிக்கணும், ஒரு பலகைக்கு அந்தப் பக்கம். ரயிலே சுத்திக்கிட்டுத்தான் போகுது, நாம சுத்தக் கூடாதா?"

சுகுணா அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். அதுதான் தீர்மானம்.

ஓட்டம்

முதல் முறை வண்டியே கிளம்பவில்லை. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கன்ட்ரோலர் "கீ" என்று அலறி அணைந்தது. நாங்கள் மூவரும் ஒயர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மஞ்சு மட்டும், அன்று காலையிலிருந்து முதல்முறையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"பலகைய திருப்புனீங்க, வயர திருப்புனீங்களா? இந்தப் பக்கத்து தண்டவாளம் அந்தப் பக்கம் போயிடுச்சு. பிளஸ்ஸும் மைனஸும் முட்டிக்குது." மேஜைக்குக் கீழே புகுந்தார். அவர் பலகையின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி முறுக்கினார். வெளியே வரும்போது தலைமுடியெல்லாம் ஒட்டடை.

"கயலு, நீ ஓட்டு. நான் அந்தப் பக்கம் நிக்கறேன்."

முருகேசன் அண்ணன் பச்சைத் துண்டை அசைத்தார். சுகுணா அக்கா, பிரேயரில் பேசும் குரலை எடுத்தார். "பயணிகள் கவனத்திற்கு. ஓசூரிலிருந்து ஜவளகிரி, ஊத்தங்கரை வழியாக, ஊரெல்லாம் சுற்றி, கிருஷ்ணகிரி செல்லும் வண்டி இப்போது புறப்படுகிறது."

நீல எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. ஓசூர் நடைமேடை, கொட்டகை, கேட்டில் காத்திருக்கும் கம்பெனி பஸ் எல்லாவற்றையும் தாண்டியது. பலகைகள் சேரும் மூட்டில் "டக்" என்று ஒரு சத்தம். பிறகு சிவப்புச் சீட்டுகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

எங்களுக்குச் சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கமிருந்து மஞ்சுவின் குரல்.

"வந்துட்டான்… பாறைகிட்ட வந்துட்டான்… கயலு, மெதுவா, மெதுவா, குட்டி யானை இருக்கு… தாண்டிட்டான்! நோடு, நோடு, எப்படி வளையறான் பாரு!"

"எங்கவே பாக்க? வானத்தையா?" என்று முருகேசன் அண்ணன் கத்தினார். அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே அக்கா. நான் மட்டும் கன்ட்ரோலரோடு மாட்டிக்கொண்டு நின்றேன்.

எஞ்சின் மூக்கு ஊத்தங்கரை வயலில் எட்டிப் பார்த்த அதே நேரம், மூன்று பேரும் மறுமுனை வழியாக மூச்சிரைக்க ஓடி வந்தார்கள், மஞ்சு முன்னால். வண்டியை முந்திக்கொண்டு வந்து என் பலகை முன்னால் நின்றார்கள். கூரை இல்லாத கிருஷ்ணகிரி ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைந்தது. நடைமேடை முடியும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தினேன்.

மஞ்சு குனிந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒட்டடை" என்றார்.

ஒரு தடவை போதும் என்றவர்தான். அதற்கப்புறம் எத்தனை தடவை ஓட்டினோம் என்று தெரியாது. ஆள் மாற்றி ஆள் ஓட்டினோம். மற்றவர்கள் மேஜையைச் சுற்றி ஓடினோம். லாரிக்காரர் மஞ்சுவின் போனில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில் அவரே பள்ளிக்கூடத்தைத் தேடி வந்துவிட்டார். திட்ட வந்தவர், வண்டி வானத்துக்குப் பின்னால் மறைந்ததைப் பார்த்து, "அட, எங்கய்யா போச்சு?" என்று அவரும் சுற்றிக்கொண்டு ஓடினார்.

ஆற்றின் இரு கரை

எஞ்சின் மஞ்சுவோடு குஜராத் போய்விட்டது. ஜவளகிரி இங்கேயே இருக்கிறது, முருகேசன் அண்ணன் வீட்டில். வானத்தை அறுக்கவில்லை. சீட்டுகளும் அப்படியே.

போன வாரம் குழுவில் மஞ்சு எழுதினார். அங்கே குவார்ட்டர்ஸ் பெரிதாம், சாயங்காலம் சும்மா உட்கார முடியவில்லையாம். ஜவளகிரிக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவே தென்பெண்ணை வர வேண்டும், ஆறு இல்லாமல் என்ன பாதை, பாலம் போடலாம் என்றார். மேற்குப் பாதியை அவர் அங்கே கட்டுவார். கிழக்குப் பாதியை நான் இங்கே. தீபாவளி விடுப்புக்கு அவர் தன் பாதியைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ரயிலில் வருவார். அன்றைக்குத்தான் இரண்டும் ஒன்றையொன்று முதன்முதலில் பார்க்கும்.

பாலத்துக்கு வானம் கிடையாது. இரண்டு பக்கமும் நின்று பார்க்கலாம்.

வரைபடம் இந்த முறை என் பொறுப்பு. கூம்பையும் வட்டங்களையும் உள்ளங்கை அகலத்துக்கு வரைந்து அனுப்பினேன். முருகேசன் அண்ணன் அதற்கும் ஒரு சீட்டு எழுதிவிட்டார்: "குறி பெரிது, பாலம் சிறிது."

"நடுவுல சேரலைன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று சுகுணா அக்கா கேட்டிருந்தார்.

குஜராத்திலிருந்து பதில் வந்தது: "தண்ணி கம்மியாதான் போகுது அக்கா. பயணிகள் இறங்கி நடந்து அந்தப் பக்கம் ஏறிக்கட்டும்."

என் கரையின் முதல் தூணுக்கு இன்று அட்டை வெட்டப்போகிறேன்.